வணிகக் குத்தகைத் தகராறும் குழும நிறுவனங்களுக்கிடையே கோரிக்கை உரிமைமாற்றமும்: இந்தியச் சட்டத்தின்கீழ் முழுமையான வழிகாட்டி

குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டது ஒரு நிறுவனம், மாதாமாதம் பில் அனுப்பியது அதன் சகோதர நிறுவனம், வாடகை நின்றதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது இரண்டுக்கும் மேலான தாய் நிறுவனம். குழுமமாகத் தொழில் செய்பவர்களின் கோப்புகளில் இது அடிக்கடி காணப்படும் காட்சி. உள்ளே இருப்பவர்களுக்கு இதில் எந்த முரணும் தெரியாது. எல்லாம் ஒரே குடும்பம், ஒரே கணக்காளர், ஒரே மாடி. வழக்கு மன்றத்துக்குப் போனதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதாக இருக்காது. “வாதி யார், அவருக்கும் என் கட்சிக்காரருக்கும் என்ன உறவு?” என்பதாகவே இருக்கும். இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாத வழக்கு, வாடகை பாக்கி மறுக்கப்படாத நிலையிலும் ஆண்டுக்கணக்கில் இழுபடும்.

இந்த வழிகாட்டி அந்தப் பதிலைத் தயார் செய்வதைப் பற்றியது: பணத்தைக் கேட்கும் உரிமை, அதாவது கோரிக்கை, எந்த நிறுவனத்திடம் இருக்கிறது, அதை இன்னொரு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுப்பது, அதாவது உரிமைமாற்றம், எப்படி. கட்டட உரிமையாளர் தரப்பிலிருந்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். வாடகைதாரர் செய்ய வேண்டியது கடைசியில் வருகிறது.

முதல் படி: கோரிக்கை எந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது என்று பாருங்கள்

ஒவ்வொரு நிறுவனமும் தனிச் சட்ட ஆள் என்ற கோட்பாடு 1897ஆம் ஆண்டின் சாலமன் வழக்கிலிருந்து வருகிறது. பங்குதாரருக்கு நிறுவனத்தின் சொத்தில் நேரடி உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1955இல் பச்சா குஸ்தர் வழக்கில் சொன்னது. ஆகவே நூறு சதவீதப் பங்குகளை வைத்திருக்கும் தாய் நிறுவனம்கூட, துணை நிறுவனத்துக்கு வர வேண்டிய வாடகையைத் தன் பெயரில் கேட்டு வழக்குப் போட முடியாது. நிறுவனத் திரையை விலக்கிப் பார்க்கச் சொல்லும் வாதம், அதாவது தனிச் சட்ட ஆள் என்பதைத் தாண்டிப் பின்னால் இருப்பவரைப் பார்க்கச் சொல்வது, பொதுவாக ஏமாற்றுபவருக்கு எதிராகப் பயன்படும் கருவி. தன் வசதிக்காகத் தனித்தனி நிறுவனங்களை அமைத்துக்கொண்டவர், நெருக்கடி வந்ததும் “நாங்கள் எல்லாரும் ஒன்றுதான்” என்று அதே திரையைத் தானே விலக்கிக் காட்டுவதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை.

எனவே நான்கு காகிதங்களை மேசைமேல் வரிசையாக வையுங்கள். கட்டடத்தின் கிரயப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகைப் பத்திரத்தில் உரிமையாளராகக் கையெழுத்திட்டது யார், ஜிஎஸ்டி பில் எந்த நிறுவனத்தின் பதிவு எண்ணில் போயிருக்கிறது, வாடகைதாரர் பிடித்த மூலவரி (டிடிஎஸ்) எந்த பான் எண்ணில் வரவாகியிருக்கிறது? நான்கிலும் ஒரே பெயர் இருந்தால் பிரச்சினையின் பாதி தீர்ந்தது. வேறுபட்டால், வேறுபாடு எந்த மாதத்தில் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பான் எண்ணில் வரவான மூலவரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைப் பலர் வருமான வரிக்கு மட்டும்தான் திறக்கிறார்கள். வாடகைதாரர் யாரை உரிமையாளராகக் கருதி நடந்துகொண்டார் என்பதற்கு அவரே மாதந்தோறும் விட்டுச்சென்ற தடயம் அது. வாடகை தராத மாதங்களுக்கும் மூலவரி கட்டியிருந்தால், அந்த வாடகையைத் தம் கணக்கில் செலவாக எழுதியிருக்கிறார் என்று பொருள்.

இரண்டாம் படி: கோரிக்கைகளை இனம் பிரியுங்கள்

“குத்தகை சம்பந்தமான எல்லாக் கோரிக்கைகளையும் மாற்றிக்கொடுக்கிறோம்” என்று எழுதப்பட்ட பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கு அது முழுமையாகத் தெரிந்திருக்கும். சட்டத்தில் சில கோரிக்கைகள் கைமாறும், சில மாறாது. ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால் எது மாறியது என்பதே தகராறாகிவிடும். இந்தப் படியில்தான் நிதானம் தேவை.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 3ஆம் பிரிவில் வழக்கிடத்தக்க கோரிக்கை என்ற ஒன்றை வரையறுக்கிறது. அடமானம், ஈடு போன்ற பிணை இல்லாத கடன் அதில் அடங்கும். அந்தக் கடன் இப்போதே இருப்பதாகவும் இருக்கலாம், நிபந்தனைக்கு உட்பட்டு இனி எழுவதாகவும் இருக்கலாம். அதே சட்டத்தின் 6ஆம் பிரிவின் (e) உட்கூறு, வெறுமனே வழக்குத் தொடுக்கும் உரிமையை மாற்ற முடியாது என்கிறது. நம் கோரிக்கைகள் அனைத்தும் இந்த இரண்டு கரைகளுக்கு இடையில்தான் ஓடுகின்றன.

தவணை கடந்த வாடகை நிலுவை ஒரு கடன். தொகை தெரியும், தேதி தெரியும், கைமாறும். ஒப்பந்தத்தில் விகிதம் எழுதப்பட்ட பராமரிப்புக் கட்டணமும், உரிமையாளர் கட்டி வாடகைதாரர் திருப்பித் தர ஒப்புக்கொண்ட மின்கட்டணமும் இதே வகை. வாடகைதாரர் பக்கத்தில், குத்தகை முடிந்து சாவி ஒப்படைத்த பின் திரும்ப வர வேண்டிய முன்பணமும் கடன்தான். வாடகைதாரர் நிறுவனம் அதைத் தன் சகோதர நிறுவனத்துக்கு மாற்றலாம்.

ஒப்பந்த மீறலுக்கான, தொகை நிர்ணயிக்கப்படாத இழப்பீடு வேறு. தரையை உடைத்தார், தூணில் துளையிட்டார், அதனால் இவ்வளவு நஷ்டம் என்ற கோரிக்கை, நீதிமன்றம் தீர்மானிக்கும் வரை கடனாவதில்லை. 1974இல் ராமன் அயர்ன் ஃபவுண்டரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. லாக்-இன் காலம் (வாடகைதாரர் வெளியேறக் கூடாது என்று ஒப்புக்கொண்ட குறைந்தபட்சக் காலம்) முடியும் முன் வெளியேறியதற்கான “மீதி மாத வாடகை முழுவதும்” என்ற கோரிக்கையும் இந்த வலையில்தான் விழுகிறது. ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு எது என்று நீதிமன்றம் பார்க்கும். வாடகை நிலுவைக்கும் லாக்-இன் இழப்பீட்டுக்கும் கணக்குப் பேரேட்டில் ஒரே தலைப்பு இருக்கலாம். சட்டத்தில் இரண்டும் ஒரே சாதி அல்ல.

குத்தகை முடிந்த பிறகும் காலி செய்யாமல் இருந்த நாட்களுக்கான அனுபவ இழப்பீடும் தீர்ப்பாகும் வரை வெறும் வழக்குரிமையாகவே பார்க்கப்படுகிறது. தீர்ப்பாணை வந்த பின் அது தீர்ப்பாணைக் கடனாகி, மாற்றத் தக்கதாகிறது. காலி செய்யச் சொல்லும் உரிமையோ கட்டடத்தோடு ஒட்டியது. நிலுவையை வாங்கிய சகோதர நிறுவனம் பணத்தைக் கேட்கலாம். கட்டடத்தை வாங்காமல் காலி செய்யச் சொல்ல முடியாது.

குழுமங்கள் அடிக்கடி வழுக்கி விழும் இன்னொரு இடம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109ஆம் பிரிவு (சட்டப் பெயர் இல்லாமல் இனி வரும் 106 முதல் 132 வரையான பிரிவுகளும் அதே சட்டத்தவை). கட்டடமே ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு விற்கப்படுகிறது. வாங்கிய நிறுவனம் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறது. பழைய நிலுவையும் கூடவே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. அந்தப் பிரிவின் வரம்புரை நேர்மாறாகச் சொல்கிறது: மாற்றத்துக்கு முன் சேர்ந்த வாடகை நிலுவை வாங்கியவருக்குச் சேராது. கிரயப் பத்திரத்தில் அதைத் தனியாக எழுதி மாற்றினால்தான் வரும். கட்டடம் கைமாறியது தெரியாமல் வாடகைதாரர் பழைய உரிமையாளருக்கே வாடகை கட்டியிருந்தால், புதியவருக்கு மறுபடி கட்ட வேண்டியதில்லை என்பதையும் அதே வரம்புரை சொல்கிறது.

மூன்றாம் படி: உங்கள் தரப்பின் ஓட்டைகளை முதலில் தேடுங்கள்

குத்தகைப் பத்திரத்தில் உரிமைகளை மூன்றாம் நபருக்கு மாற்றத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைதாரருக்கு விதித்த தடையை உரிமையாளருக்கும் சேர்த்து எழுதிய படிவங்கள் உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்படாமல் இருந்தால், பத்திரத்தின் நிபந்தனைகளை நிரூபிக்க அதைச் சான்றாகக் காட்ட முடியாது. 107ஆம் பிரிவும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17, 49ஆம் பிரிவுகளும் சேர்ந்து அதை மாதாந்திர வாடகையாகச் சுருக்கிவிடும். லாக்-இன் நிபந்தனையும் வாடகை உயர்வு நிபந்தனையும் அப்போது அந்தரத்தில் தொங்கும். அவ்வாறான கோரிக்கையைச் சகோதர நிறுவனத்துக்கு மாற்றினால், நோயும் கூடவே போகும்.

வாடகைதாரர் ஒரு குழும நிறுவனமாக இருந்தால் வேறொரு கேள்வி. குத்தகை எடுத்தது ஒரு நிறுவனம். ஒரு நாள் பார்த்தால் பெயர்ப்பலகையில் அதன் சகோதர நிறுவனம். 108ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால் வாடகைதாரர் தன் குத்தகையை மாற்றலாம், உள்வாடகைக்கும் விடலாம். ஆனால் மாற்றியதாலேயே தன் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. தடை இருந்தால், இரண்டும் ஒரே குழுமம் என்பது காப்பாற்றாது. 1986இல் ஜெனரல் ரேடியோ வழக்கில், நீதிமன்ற ஆணைப்படி நடந்த நிறுவன இணைப்பின் வழியாக வாடகை இடத்துக்கு வந்த நிறுவனத்தின் அனுபவம்கூட அனுமதியற்ற மாற்றமாகக் கொள்ளப்பட்டது. 2004இல் சிங்கர் இந்தியா வழக்கில் வெளிநாட்டு நிறுவனத்தின் இடத்தில் இந்திய நிறுவனம் வந்தமர்ந்ததற்கும் அதே கதி. இணைப்புத் திட்டத்தில் கையெழுத்திடும் முன் குத்தகைப் பட்டியலை எடுத்துப் பார்க்கும் நிதி அதிகாரிகள் எத்தனை பேர் என்று எனக்கு எப்போதும் வியப்புத்தான்.

நான்காம் படி: மாற்றத்தான் வேண்டுமா என்று கேளுங்கள்

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான நேரங்களில் மாற்ற வேண்டாம். கோரிக்கை எந்த நிறுவனத்திடம் இருக்கிறதோ அதுவே வழக்குப் போடட்டும். வழக்கை நடத்த ஆள் இல்லை, சட்டத் துறை தாய் நிறுவனத்தில்தான் இருக்கிறது என்பது காரணமானால், இயக்குநர் குழுத் தீர்மானத்தின் மூலம் தாய் நிறுவனத்தின் அதிகாரி ஒருவருக்கு அங்கீகாரம் கொடுத்தால் போதும். வாதி மாற வேண்டியதில்லை. வசூலாகும் பணம் கடைசியில் வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால், “வசூலாவதை உனக்குத் தருகிறேன்” என்று இரு நிறுவனங்களும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். மாற்றத்தகாத இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு இதுவே பாதுகாப்பான வழி. வழக்குரிமை இருந்த இடத்திலேயே இருக்கிறது, பலன் மட்டும் நகர்கிறது.

உரிமைமாற்றம் உண்மையிலேயே தேவைப்படும் சூழ்நிலைகள் சில உண்டு. நிறுவனம் மூடப்படப் போகிறது. கட்டடத்தோடு நிலுவையையும் விற்க வேண்டியிருக்கிறது. வாடகைதாரருக்கும் சகோதர நிறுவனத்துக்கும் வேறு கொடுக்கல் வாங்கல் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ள வசதியாக இருக்கும். இவற்றுள் கடைசிக் காரணம்தான் மிகவும் கவர்ச்சியானது, ஆபத்தானதும் அதுவே. வாடகைதாரர் நொடிப்பு நடவடிக்கைக்குள் போகும் வாய்ப்பு தெரிந்தால், நடவடிக்கைக்குச் சற்று முன் செய்த இவ்வகை ஏற்பாடுகளை நீதிமன்றம் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கும். 2021இல் ஃபீனிக்ஸ் ஆர்க் வழக்கில், கடன்கொடுத்தோர் குழுவில் சேரத் தொடர்புடைய தரப்புக்கு உள்ள தடையிலிருந்து தப்புவதற்காகவே அந்தத் தொடர்பை முறித்துக்கொள்வதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஐந்தாம் படி: தீர்மானமும் விலையும்

கோரிக்கை ஒரு சொத்து. அதை ஒரு நிறுவனம் தொடர்புடைய தரப்புக்கு விற்கும்போது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 188ஆம் பிரிவு வருகிறது. வழக்கமான தொழில் போக்கில், சந்தை நிலைக்கேற்ற விலையில் நடந்தால் விலக்கு உண்டு. அப்படி இல்லையென்றால் இயக்குநர் குழுக் கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். விதிகளில் சொன்ன வரம்பைத் தாண்டினால் பங்குதாரர் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் செய்து மூன்று மாதத்துக்குள் பின்னேற்பும் பெறாவிட்டால், குழுவோ பங்குதாரர்களோ விரும்பினால் அதைச் செல்லாததாக்கலாம். தனியார் நிறுவனங்களுக்கு 2015 ஜூன் 5ஆம் தேதி அறிவிக்கை ஒரு சலுகை தந்திருக்கிறது: ஒரே தாய் நிறுவனத்தின்கீழ் உள்ள சகோதரங்கள் என்ற உறவு மட்டும் 188ஆம் பிரிவுக்குத் தொடர்பாகாது. ஆனால் ஒரு நிறுவனத்தின் இயக்குநரோ அவருடைய உறவினரோ மற்றதில் இயக்குநராகவோ பங்குதாரராகவோ இருந்தால் தொடர்பு மறுபடி உயிர்பெறும். குடும்ப நிறுவனங்களில் இது அநேகமாக இருக்கும். ஆகவே சலுகையை நம்பித் தீர்மானத்தைத் தவிர்க்க வேண்டாம். இயக்குநரின் அக்கறையை 184ஆம் பிரிவின்படி வெளியிட்டு அதையும் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.

விலை உண்மையானதாக இருக்கட்டும். முப்பது லட்சம் நிலுவையை ஆயிரம் ரூபாய்க்கு மாற்றினால், மாற்றிய நிறுவனம் பின்னால் நொடிந்துபோகும்போது 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 45ஆம் பிரிவு, மதிப்புக் குறைத்த பரிவர்த்தனை என்று அதைத் தோண்டி எடுக்கும். தொடர்புடைய தரப்புக்கு இரண்டு ஆண்டுகள் பின்னோக்கிப் பார்ப்பார்கள், மற்றவர்களுக்கு ஓராண்டு. வசூலாகும் வாய்ப்பு, வழக்குச் செலவு, கழிவுகள் ஆகியவற்றைக் காட்டி ஒரு பக்கக் கணக்குத்தாள் எழுதித் தீர்மானத்தோடு இணைப்பது மிக எளிய காப்பு.

ஆறாம் படி: பத்திரம் எழுதுதல்

130ஆம் பிரிவு கேட்பது சொற்பமே: எழுத்தில் ஓர் ஆவணம், அதில் மாற்றுபவரின் கையெழுத்து. கையெழுத்தான நொடியில் உரிமை மாறிவிடும்; வாடகைதாரரின் சம்மதம் தேவையில்லை. பெற்றவர் தன் சொந்தப் பெயரில், மாற்றியவரை வழக்கில் சேர்க்காமலேயே வழக்குத் தொடுக்கலாம். சட்டம் கேட்பது குறைவு என்பதால்தான் பத்திரங்கள் மெலிந்துபோகின்றன. வாய்மொழி ஏற்பாடும், கணக்குப் புத்தகத்தில் ஜர்னல் பதிவும் இந்தப் பிரிவுக்குப் போதாது. ஆண்டிறுதியில் தணிக்கையாளர் சொல்லி ஒரு நிறுவனத்தின் நிலுவையை மற்றதன் பேரேட்டுக்கு நகர்த்தினாலே கோரிக்கை மாறிவிட்டதாக நம்பும் கணக்குத் துறைகள் இன்னும் இருக்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். அ நிறுவனம் உரிமையாளர், ஆ நிறுவனம் சகோதரம். மாத வாடகை 4,00,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாய். ஏழு மாதம் நிலுவை: வாடகை 28,00,000, ஜிஎஸ்டி 5,04,000, மொத்தம் 33,04,000 ரூபாய். முன்பணம் 24,00,000 ரூபாய் அ நிறுவனத்திடம் இருக்கிறது. இடையில் மின்மாற்றி பழுதானபோது உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை வாடகைதாரர் 3,10,000 ரூபாய் செலவழித்துச் செய்திருக்கிறார். செய்யுமாறு அ நிறுவனத்தின் மேலாளர் அனுப்பிய மின்னஞ்சலும் இருக்கிறது.

“வாடகைதாரரிடமிருந்து வர வேண்டிய அனைத்துத் தொகைகளையும் மாற்றுகிறோம்” என்று ஒரு வரி எழுதினால் இந்த மொத்தக் குழப்பமும் ஆ நிறுவனத்தின் தலையில் போய் உட்காரும். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: “இன்ன தேதியிட்ட, இன்ன எண்ணில் பதிவான குத்தகைப் பத்திரத்தின்கீழ், கீழ்க்கண்ட அட்டவணையில் ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகக் காட்டிய வாடகை நிலுவை 28,00,000 ரூபாயையும், அதன்மேல் வாடகைதாரர் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டி 5,04,000 ரூபாயையும், ஒப்பந்தப்படி சேரும் வட்டியையும், அவற்றை வசூலிக்கும் உரிமையையும் அ நிறுவனம் ஆ நிறுவனத்துக்கு முற்றாக மாற்றிக்கொடுக்கிறது, கட்டடத்தின் மீதான உரிமையும், குத்தகையை முடிக்கும் உரிமையும், இழப்பீட்டுக் கோரிக்கைகளும் இதில் அடங்கா.” அட்டவணையில் மாதம், பில் எண், பில் தேதி, தவணைத் தேதி, தொகை. பழுதுபார்ப்புச் செலவு பற்றி வாடகைதாரர் எழுப்பக்கூடிய வாதத்தையும் பத்திரத்திலேயே சொல்லி, அது வென்றால் யார் தாங்குவது என்று இரு நிறுவனங்களுக்கிடையே தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் 132ஆம் பிரிவின்படி, மாற்றம் நடந்த தேதியில் மாற்றியவருக்கு எதிராக வாடகைதாரருக்கு என்னென்ன எதிர்வாதங்கள் இருந்தனவோ அவை அனைத்தும் பெற்றவருக்கு எதிராகவும் செல்லும். மேற்கண்ட கணக்கில் 3,10,000 கழிந்தால் 29,94,000. வாடகைதாரர் ஏற்கனவே காலி செய்து, முன்பணத்தையும் கழிக்க உரிமை எழுந்திருந்தால், மிஞ்சுவது 5,94,000 மட்டுமே. முன்பணம் யாரிடம் இருக்கிறது, அதைக் கழிக்கும் உரிமை எந்த நிகழ்வில் எழுகிறது என்று பார்க்காமல் 33 லட்சத்துக்கு விலை பேசிய ஆ நிறுவனம் தன் சகோதரத்திடமே ஏமாந்திருக்கிறது.

எதிர்கால வாடகையை மாற்றுவதானால் கூடுதல் கவனம் வேண்டும். சேர்ந்துவிட்ட நிலுவை அசையும் கடன். இனி வரப்போகும் வாடகை நிலத்திலிருந்து எழும் பயன், எனவே அசையாச் சொத்து என்ற வாதத்துக்கு இடமுண்டு. அந்த ஆவணத்தைப் பதிவு செய்துவிடுவதே நல்லது. முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்; குறைவாக ஒட்டிய ஆவணம், குறைவையும் அதைப் போல் பத்து மடங்கு வரையான அபராதத்தையும் கட்டும் வரை சான்றாகாது. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை கடன் கோரிக்கையை மாற்றுவது பொருள் வழங்கலும் ஆகாது, சேவை வழங்கலும் ஆகாது. மூல வாடகைக்கான ஜிஎஸ்டிப் பொறுப்பு மட்டும் பில் போட்ட அ நிறுவனத்திடமே நிற்கும்.

ஏழாம் படி: அறிவிப்பு

உரிமை மாற அறிவிப்பு தேவையில்லை என்றாலும், பணம் உங்களிடம் வர அது தேவை. அறிவிப்புக் கிடைக்கும் முன் வாடகைதாரர் பழைய நிறுவனத்துக்குக் கட்டினால் அது செல்லும். 131ஆம் பிரிவின்படி அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். மாற்றியவரோ அவருடைய அங்கீகரிக்கப்பட்ட முகவரோ கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தால் பெற்றவர் கையெழுத்திடலாம். பெற்றவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். குழுமங்களில் நடக்கும் தவறு, பணம் பெறப்போகும் ஆ நிறுவனமே தன் தலைப்புத்தாளில் உற்சாகமாக அறிவிப்பு அனுப்பிவிடுவது. அ நிறுவனத்தின் தாளில், அ நிறுவனத்தின் கையெழுத்தோடு, பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் மின்னஞ்சலிலும் போகட்டும். குத்தகைப் பத்திரத்தில் அறிவிப்பு முகவரி என்று ஒன்று இருந்தால், கடை முகவரியோடு அதற்கும் அனுப்புங்கள்.

குத்தகையை முடிக்கும் நோட்டீஸ் தனி. மாதாந்திர வாடகைக்கு 106ஆம் பிரிவு பதினைந்து நாள் அவகாசம் கேட்கிறது. அதைக் கட்டட உரிமையாளர் நிறுவனம்தான் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம். நிலுவைக்காகப் பறிமுதல் நோட்டீஸ் (நிபந்தனை மீறியதால் குத்தகையை இடையிலேயே முடிக்கும் நோட்டீஸ்) கொடுத்த பின், அடுத்த மாத வாடகையை எதிர்ப்புக் குறிப்பு எதுவும் இல்லாமல் வரவு வைத்தால் 112ஆம் பிரிவின்படி பறிமுதலைக் கைவிட்டதாகக் கொள்ளப்படலாம். அந்த வரவு சகோதர நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் நடந்தால், “எங்களுக்குத் தெரியாது” என்ற பதில் எடுபடாது.

எட்டாம் படி: கடிகாரம்

வாடகை நிலுவைக்கு 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தின் 52ஆம் இனத்தின்படி மூன்று ஆண்டுகள். ஒவ்வொரு மாத வாடகைக்கும் அதன் தவணைத் தேதியிலிருந்து தனித்தனியாக ஓடும். உரிமைமாற்றம் இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்காது. பழைய மாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருக்கும்போது குழுமத்துக்குள் பத்திர வரைவு ஆறு மாதம் சுற்றிவருவதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்தான நாளில் அட்டவணையின் முதல் நான்கு வரிகள் காலாவதியாகியிருந்தன.

18ஆம் பிரிவின்படி, கெடு முடியும் முன் கையெழுத்திட்ட எழுத்துமூல ஒப்புதல் கிடைத்தால் மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். அந்த ஒப்புதல் கோரிக்கையாளருக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சகோதர நிறுவனத்துக்கு எழுதிய கடிதமும் உதவும். வாடகைதாரர் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் உள்ள பதிவும் ஒப்புதலாகலாம் என்று 2021இல் பிஷால் ஜெய்ஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான அந்தக் குறிப்பைக் கட்டணம் செலுத்தி எடுத்துப் பாருங்கள். கூடவே தணிக்கைக் குறிப்பில் “தகராறில் உள்ளது” என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்பதாம் படி: எந்த மன்றம்

இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிக இடங்களுக்கும் அது பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். காலி செய்யும் மனு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். நடுவர் மன்றத்துக்கு (ஆர்பிட்ரேஷன்) போகலாமா என்பதும் இதைப் பொறுத்ததே. 2020 டிசம்பரில் வித்யா துரோலியா வழக்கில், சொத்து மாற்றுச் சட்டத்தின்கீழ் வரும் குத்தகைத் தகராறுகளை நடுவர் தீர்க்கலாம், தனி மன்றம் அமைத்த வாடகைச் சட்டங்களின்கீழ் வருபவற்றைத் தீர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கோடு போட்டது. கையெழுத்திடாத குழும நிறுவனத்தை நடுவர் முன் இழுக்கலாமா என்பதற்கு 2023 டிசம்பர் 6ஆம் தேதியின் காக்ஸ் அண்ட் கிங்ஸ் தீர்ப்பு பதில் சொல்கிறது: ஒரே குழுமம் என்பது மட்டும் போதாது, பேச்சுவார்த்தையிலும் நிறைவேற்றத்திலும் அந்த நிறுவனம் நடந்துகொண்ட விதம், ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படும் எண்ணத்தைக் காட்ட வேண்டும்.

பண வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவதானால், வணிகத்துக்கு மட்டுமே பயன்படும் இடம் பற்றிய ஒப்பந்தத் தகராறு 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின்கீழ் வரும். 2018 திருத்தத்துக்குப் பின் மதிப்பு 3 லட்சம் ரூபாய் இருந்தால் போதும். அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத வழக்கில், 12அ பிரிவின்படி வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி (மீடியேஷன்) கட்டாயம். 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் தீர்ப்பு இதை உறுதி செய்தது. முயற்சி செய்யாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும். முயற்சிக்கு மூன்று மாதம், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். அந்தக் காலம் காலவரம்பில் சேராது. சமரச மனுவிலும் உரிமைமாற்றம் பெற்ற நிறுவனத்தின் பெயரே இருக்க வேண்டும். அ நிறுவனம் சமரசத்துக்குப் போய், ஆ நிறுவனம் வழக்குப் போட்டால் முதல் ஆட்சேபம் தயாராக இருக்கும்.

பத்தாம் படி: வழக்குரையும் சான்றும்

வழக்குரையில் உரிமைமாற்றத்தை ஒரு பத்தியில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: பத்திரத் தேதி, தீர்மானத் தேதி, அறிவிப்புத் தேதி, அது சேர்ந்த தேதி. மாற்றியவரைச் சேர்ப்பது கட்டாயம் இல்லை. ஆனால் பழுதுபார்ப்பு, முன்பணம் போன்ற எதிர்வாதங்கள் எதிர்பார்க்கப்பட்டால் சேர்ப்பது நல்லது, சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மின்னஞ்சல்களைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

கோரிக்கையைத் துண்டுபோடாதீர்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் இரண்டாம் கட்டளை, இரண்டாம் விதி இதைத் தடுக்கிறது. நூறாண்டு கடந்தும் அந்த விதியின் கீழே நிற்கும் விளக்கம் ஒரு வாடகை வழக்கைப் பற்றியதுதான்: ஆண்டுக்கு 1,200 ரூபாய் வாடகை, 1905, 1906, 1907 மூன்றாண்டும் பாக்கி, 1906ஆம் ஆண்டுக்கு மட்டும் 1908இல் வழக்குப் போட்டவர், பின்னால் மற்ற இரண்டு ஆண்டுகளுக்கும் கேட்க முடியாது. சில மாதங்களை அ வைத்துக்கொண்டு சில மாதங்களை ஆ நிறுவனத்துக்குக் கொடுத்து இரண்டு வழக்காகப் போடலாம் என்ற யோசனை வரும்போதெல்லாம் இந்த விளக்கத்தை எடுத்துப் படியுங்கள்.

வழக்கு நடக்கும்போது கோரிக்கை மாறினால் 22ஆம் கட்டளை 10ஆம் விதியின்படி நீதிமன்ற அனுமதி பெற்றுப் புதியவர் தொடரலாம். தீர்ப்புக்குப் பின் மாறினால் 21ஆம் கட்டளை 16ஆம் விதி: எழுத்துமூல மாற்றம் பெற்றவர் நிறைவேற்று மனு போடலாம், மாற்றியவருக்கும் தீர்ப்புக் கடனாளிக்கும் அறிவிப்புப் போன பிறகே நிறைவேற்றம் நடக்கும்.

வாடகைதாரர் தரப்பில்

உரிமைமாற்ற அறிவிப்பு வந்தால், யாருக்கும் உடனே பணம் அனுப்ப வேண்டாம். மௌனமாகவும் இருக்க வேண்டாம். பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அறிவிப்பில் கையெழுத்திட்டது குத்தகைப் பத்திரத்தில் இருக்கும் நிறுவனம்தானா, எந்த மாதங்கள் மாறியிருக்கின்றன, நடப்பு வாடகை யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் கழிவுகளை அன்றைய தேதியிட்டுப் பட்டியலிட்டு இரு நிறுவனங்களுக்கும் அனுப்புங்கள். 132ஆம் பிரிவு காப்பது மாற்றத் தேதியில் இருந்த எதிர்வாதங்களை என்பதால் தேதி முக்கியம். பதில் எழுதும்போது நிலுவையை ஒப்புக்கொள்ளும் வாக்கியம் ஏதும் நழுவி விழுந்தால் அது 18ஆம் பிரிவில் போய் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு சகோதர நிறுவனங்களும் ஒரே மாத வாடகையைக் கேட்டு நிற்பதும் நடக்கிறது. குழுமத்துக்குள் பங்காளிச் சண்டை என்றால் நிச்சயம் நடக்கும். அப்போது பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, உரியவர் யார் என்று அவர்களையே வாதாட வைக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 88ஆம் பிரிவும் 35ஆம் கட்டளையும் வழி தருகின்றன. வாடகைதாரர் தன் உரிமையாளருக்கு எதிராக இவ்வகை வழக்கைப் பொதுவாகப் போட முடியாது என்று அந்தக் கட்டளையின் 5ஆம் விதி சொல்கிறது. ஆனால் போட்டிக் கோரிக்கையாளர் அந்த உரிமையாளர் வழியாகவே உரிமை கேட்பவராக இருந்தால் தடை இல்லை என்றும் அதே விதி சொல்கிறது. உரிமைமாற்றம் பெற்ற சகோதர நிறுவனம் அப்படிப்பட்டதே.